தைவான்காரரைத் தைவான்காரர் ஆக்குவது யார்?

தைவான் தலைநகர் தைபேயில் வளர்ந்த ஒருவர் சீனாவில் ஷாங்காய்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ‘தூதோவ்’ என்று கேட்டால் உருளைக்கிழங்கு வரும். அவர் மனதில் இருந்தது வேர்க்கடலையாக இருக்கலாம். எழுத்து அதேதான், பொருள் மட்டும் வேறு. ‘வோஷின்’ என்ற சொல் இன்னும் வம்பு. தைவானில் அதற்கு ‘மனசுக்கு இதமாக இருக்கிறது’ என்று அர்த்தம்; வட சீனாவில் ‘மனசு புழுங்குகிறது’ என்று அர்த்தம். உதவி செய்த சக ஊழியரிடம் நன்றியாகச் சொன்னால் அவர் முகம் மாறிவிடும். பரிமாறும் பெண்ணைத் தைவான் வழக்கப்படி ‘ஷியாவ்ஜியே’ என்று மரியாதையாகக் கூப்பிடுவதும் ஆபத்துதான். சீன நகரங்கள் பலவற்றில் அந்தச் சொல் பாலியல் தொழிலாளியைக் குறிக்கும் அளவுக்குச் சரிந்துவிட்டது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள்தான். ஆனால் சீனாவில் வேலை பார்த்துத் திரும்பிய தைவான்காரர்கள் தங்கள் கதையைப் பெரும்பாலும் இப்படிப்பட்ட சொற்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மொழி ஒன்று, சாப்பாடு ஒன்று, கும்பிடுகிற சாமிகூட ஒன்று என்ற தைரியத்தில் போனவர்கள் அவர்கள். ‘நான் வேறு’ என்ற எண்ணம் டோக்கியோவிலோ நியூயார்க்கிலோ வந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எல்லாம் ஒன்றாக இருப்பதாகச் சொல்லப்பட்ட ஊரில் அல்லவா அது இத்தனை அழுத்தமாக வந்திருக்கிறது!

அடையாளம் என்பதைச் சொந்த ஊரிலிருந்து பெட்டியில் வைத்து எடுத்துப்போகிற சாமான் போலத்தான் நாம் வழக்கமாகப் பேசுகிறோம். வெளியே போய் வேலை பார்க்கும் படித்த தைவான்காரர்களைக் கவனித்தால் அப்படித் தெரியவில்லை. போய்ச் சேரும் ஊர்தான் ‘நீ யார்?’ என்று முதலில் கேட்கிறது. குடியேற்றக் கவுன்ட்டரில் கேட்கிறது, பள்ளிக்கூட விண்ணப்பத்தில் கேட்கிறது, ஒருமுறை கலவரக் கூட்டத்தின் நடுவிலும் கேட்டது. ஒவ்வொரு ஊரும் கேட்கிற விதம் வேறு. அதற்குத் தக்கபடி பதிலும் வேறாகிறது.

இந்தக் கேள்வி தைவான்காரருக்கு ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்பதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். சுமார் 2.3 கோடிப் பேர் வாழும் தீவு. 1895 முதல் 1945 வரை ஜப்பானின் காலனி. போர் முடிந்ததும், அப்போது சீனாவை ஆண்ட சியாங் கை-ஷேக்கின் கோமிந்தாங் கட்சி அரசு வந்தது. 1949-இல் உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்ட்களிடம் தோற்று, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு அந்த அரசே தீவுக்குக் குடிபெயர்ந்தது. அந்த வருடம் போட்ட ராணுவச் சட்டம் 1987 வரை நீடித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தங்களைச் சீனர் என்று படித்தார்கள். வீட்டில் பேசும் ஹொக்கியன் மொழியை வகுப்பில் பேசினால் தண்டனை. இன்றும் கடவுச்சீட்டில் நாட்டின் பெயர் ‘சீனக் குடியரசு’தான். அட்டையில் ‘தைவான்’ என்ற சொல் 2003-இல்தான் ஏறியது. 2021-இல்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதானது.

தைபேயில் உள்ள செங்ச்சி பல்கலைக்கழகத்தின் தேர்தல் ஆய்வு மையம் 1992 முதல் மக்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறது: நீங்கள் தைவான்காரரா, சீனரா, இரண்டுமா? முதல் வருடத்தில் 17.6 சதவீதம் பேர் தைவான்காரர் என்றார்கள், 25.5 சதவீதம் பேர் சீனர் என்றார்கள், 46.4 சதவீதம் பேர் இரண்டும் என்றார்கள். அண்மை ஆண்டுகளில் ‘தைவான்காரர்’ என்ற பதில் 60 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. ‘சீனர்’ என்று மட்டும் சொல்பவர்கள் 3 சதவீதம்கூட இல்லை. இதே முப்பது வருடங்களில்தான் தைவான்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சீனாவுக்கு வேலைக்குப் போனார்கள் என்பதை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1987 நவம்பரில் உறவினர்களைப் பார்த்துவர அனுமதி கிடைத்தது. உறவினரைப் பார்க்கப் போனவர்களில் பலர் தொழிற்சாலைக்கு நிலமும் பார்த்துவிட்டு வந்தார்கள். செருப்பு, குடை, பொம்மை என்று தொடங்கித் தெற்கே தொங்குவானில் கடை விரித்தார்கள். மின்னணுத் தொழில் கிளம்பியபோது ஷாங்காயும் அதை ஒட்டிய குன்ஷானும் மையமாயின. குன்ஷானுக்குக் ‘குட்டித் தைபே’ என்றே பெயர் வந்தது. 2010-இல் தைவானின் வெளிநாட்டு முதலீட்டில் 83.8 சதவீதம் சீனாவுக்குப் போனது. 2019 வாக்கில் வெளியூரில் வேலை பார்த்த தைவான்காரர்கள் ஏறத்தாழ 7.4 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் சீனாவில்.

இவர்களுக்கென்று ஒரு பேச்சு வழக்கே உண்டு. முதலாளி ‘தைஷாங்’. அவர் தைவானிலிருந்து கூட்டிப்போன மேலாளர், பொறியாளர் எல்லாம் ‘தைகான்’. வேலையும் போய், திரும்பவும் மனமில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பவர் ‘தைலியூ’, அதாவது நாடோடி. நான் பேசுவது பெரும்பாலும் நடுவில் இருக்கிற தைகான்களைப் பற்றி.

1990-களின் கடைசியில் ஷாங்காய்க்குப் போன தைகான் அநேகமாகக் குபேய் பகுதியில் குடியேறியிருப்பார். வெளிநாட்டவருக்காகக் கட்டிய குடியிருப்பு அது. ஜப்பானியர், கொரியர், தைவான்காரர் என்று கலந்து கிடந்த இடம். சம்பளம் தைபேக் கணக்கில். அதே வேலை பார்த்த உள்ளூர் ஊழியருக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு. வீட்டு வாடகை கம்பெனி கொடுக்கும், ஓட்டுநர் உண்டு, சமையலுக்கு ஆள் உண்டு. சொந்த ஊரில் நடுத்தர வர்க்கமாக இருந்தவர் இங்கே திடீரென்று மேல்தட்டு. அந்தக் காலத்தில் ‘தைவான்காரர்’ என்பதற்கு ஷாங்காயில் இருந்த முதல் அர்த்தம் ‘பாஸ்’ என்பதுதான். நாட்டைவிட வர்க்கம்தான் அதில் அதிகம். ‘நாங்கள் சுத்தம், நாங்கள் வரிசையில் நிற்போம், எங்களுக்கு மேலாண்மை தெரியும்’ என்று அவர்கள் சொல்லிக்கொண்டது பாதி தற்பெருமை, பாதி அந்த ஊர் அவர்களுக்குக் கொடுத்த பட்டம்.

அப்புறம் ஊர் வளர்ந்தது. 508 மீட்டர் உயரத்தோடு உலகின் மிக உயரமான கட்டடமாக நின்ற தைபே 101-ஐ, 632 மீட்டர் ஷாங்காய் டவர் 2015-இல் சாதாரணமாகத் தாண்டிப்போனது. கைப்பேசியில் பணம் கட்டுவதிலும் அதிவேக ரயிலிலும் ஷாங்காய் முன்னே போய்விட்டது. உள்ளூர்ப் பொறியாளர்கள் வெளிநாட்டில் படித்துத் திரும்பினார்கள். தைகானின் வேலையை அவரைவிடக் குறைந்த செலவில் செய்தார்கள். ஓட்டுநர் போனார், வாடகைப் படி போனது. ‘பாஸ்’ என்ற அர்த்தம் கழன்று விழுந்தபோதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் சுவாரசியமான இடம் வருகிறது. பணத்தில் வித்தியாசம் காட்ட முடியாதபோது, ‘தைவான்காரர்’ என்ற சொல்லுக்குள் வேறு சரக்கை நிரப்ப வேண்டியதாயிற்று. மென்மையான பேச்சு, பழைய வடிவச் சீன எழுத்து, தடையில்லாத இணையம், நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டு. ஷாங்காய் பின்தங்கியிருந்தபோது வர்க்கமாக இருந்த வித்தியாசம், ஷாங்காய் முந்தியபோது அரசியலாக மாறியது.

ஓட்டு விஷயம் சின்னதல்ல. தைவானில் தபால் ஓட்டு கிடையாது, தூதரகத்தில் போய்ப் போடும் வசதியும் கிடையாது. குடும்பப் பதிவு இருக்கிற ஊருக்கு நேரில் வந்துதான் போட வேண்டும். 2008 டிசம்பரில் நேரடி விமானங்கள் வழக்கமாகப் பறக்கத் தொடங்கும் முன்பு, அதற்கு ஹாங்காங் வழியாகவோ மக்காவ் வழியாகவோ சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஓட்டுப் போடுவதற்காக விடுப்பெடுத்து விமானம் ஏறுகிறவர், அந்தப் பயணத்தைச் சக ஊழியர்களிடம் எப்படி விளக்குவார்? பலர் ‘அம்மாவைப் பார்க்கப் போகிறேன்’ என்பார்கள். அரசியல் பேசாதே என்பது சீனாவில் தைகானின் முதல் விதி. இந்த மௌனம் விருந்து மேசையில் எல்லாரையும் சமாதானமாக வைத்திருக்கிறது. தான் சொல்லாமல் விழுங்குவது என்ன என்பதும் அவருக்குத் தினமும் தெரிந்துகொண்டே இருக்கிறது.

காகிதங்கள் அதைவிடக் கறாரானவை. சீன அரசின் கணக்கில் தைவான்காரர் வெளிநாட்டவர் அல்ல, ‘தைபாவ்’, அதாவது தைவான் உடன்பிறப்பு. அதனால் கடவுச்சீட்டைக் காட்டி நுழைய முடியாது. ‘தைபாவ்செங்’ என்ற தனி ஆவணம் வேண்டும். உடன்பிறப்பு என்று சொன்னாலும் உள்ளூர்க் குடிமகனும் இல்லை. நெடுநாள் ரயில் டிக்கெட் எந்திரம் அந்த எண்ணை ஏற்கவில்லை, இணையச் சேவைகள் பல அவரை அடையாளம் காணவில்லை. வெளிநாட்டவருக்கான வரிசையில் நின்றால் ‘நீங்கள் இங்கே இல்லை’ என்பார்கள். உள்ளூர் வரிசையில் நின்றாலும் அதையே சொல்வார்கள். 2018 பிப்ரவரி 28-இல் பெய்ஜிங், தைவான்காரர்களுக்கு வேலை, படிப்பு, தொழில் ஆகியவற்றில் உள்ளூர்க்காரருக்கு நிகரான வாய்ப்புகளைத் தருவதாக 31 சலுகைகளை அறிவித்தது. (1947-இல் கோமிந்தாங் ராணுவம் தைவான் மக்கள்மீது நடத்திய படுகொலையின் நினைவு நாளும் அதே பிப்ரவரி 28. தைவானில் யாரும் அதைக் கவனிக்காமல் இருக்க வாய்ப்பில்லை.) அதே வருடம் செப்டம்பரில் உள்ளூர் அடையாள அட்டையைப் போலவே 18 இலக்க எண்ணோடு குடியிருப்பு அட்டை வந்தது. தைவான்காரர்களின் எண் 83 என்று தொடங்கும். 81 ஹாங்காங், 82 மக்காவ். வாழ்க்கை உண்மையிலேயே சுலபமானது, எந்திரங்கள் எல்லாம் அட்டையை ஏற்றுக்கொண்டன. ஆனால் 81, 82, 83 என்று வரிசையாக வரும் எண்ணில் தனக்கு எந்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் அந்த அட்டையே சொல்லிவிடுகிறது. சிலர் வசதிக்காக வாங்கிக்கொண்டார்கள், சிலர் கடைசிவரை வாங்கவில்லை. அங்கேயே குடும்பப் பதிவை மாற்றிக்கொண்டால் தைவானில் பதிவு போய்விடும்; தைவான் சட்டம் இரண்டையும் வைத்திருக்க விடாது.

பிள்ளைகளைச் சேர்க்கும்போது இதே கேள்வி இன்னும் நெருக்கமாக வருகிறது. தொங்குவானில் 2000-இல் ஒரு தைவான் பள்ளி தொடங்கினார்கள், அடுத்த வருடம் குன்ஷானில் ஒன்று, சில வருடம் கழித்து ஷாங்காயில் ஒன்று. பாடப்புத்தகம் தைவானிலிருந்து வரும். சீன அதிகாரிகள் பார்த்து, பிடிக்காத பகுதிகளை நீக்கிய பிறகே மாணவர் கைக்குப் போகும். உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை கழுத்தில் கம்யூனிஸ்ட் சிறுவர் அமைப்பின் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு வருவான், சீனாவின் எளிதாக்கிய எழுத்தில் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுவான். காசு இருப்பவர்கள் சர்வதேசப் பள்ளியில் சேர்த்து இரண்டு தலைவலியிலிருந்தும் தப்பித்தார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள்.

எல்லோரும் ‘மேலும் தைவான்காரர்’ ஆகித் திரும்பினார்கள் என்று சொன்னால் அது பொய். 1949-இல் சீனாவிலிருந்து ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலருக்கு ஷாங்காய் தாத்தாவின் கதைகளுக்கு உருவம் கொடுத்த ஊர். நாடு எதுவானாலும் சரி, நான் ஷாங்காய்க்காரன் என்று அந்த ஊரோடு மட்டும் ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. எது யாருடையது என்று பிரிக்கவே முடியாத விஷயங்களும் உண்டு. தைபேக்குப் பக்கத்தில் யோங்ஹே என்று ஓர் ஊர். சீனாவின் வடக்கிலிருந்து வந்த பழைய சிப்பாய்கள் 1950-களில் அங்கே சோயா பாலும் எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சியும் விற்றுப் பிழைத்தார்கள். அந்த ஊர்ப் பெயரோடு தைவான்காரர் ஒருவர் 1995-இல் ஷாங்காயில் கடை திறந்தார். சீனாவின் சொந்தக் காலை உணவு தைவான் பலகாரமாக ஷாங்காய்க்குத் திரும்பி வந்து சக்கைப்போடு போட்டது. 2004-இல் அந்தக் கடைச் சங்கிலியை வாங்கியது ஒரு பிலிப்பைன்ஸ் நிறுவனம்.

வியட்நாமுக்கு வருவோம். ஹோ சி மின் நகரத்தின் தெற்கே ஃபூ மீ ஹுங் என்ற பளபளப்பான புறநகர் இருக்கிறது. சதுப்பு நிலத்தில் அதை எழுப்பியதே ஒரு தைவான் நிறுவனம்தான். தைபே பள்ளியும் அங்கேதான் இருக்கிறது. வியட்நாமில் தைகானுக்கு மொழி தெரியாது, மொழிபெயர்ப்பாளர் துணை. தன்னை வேறு என்று நிரூபிக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை, பார்த்தாலே வெளிநாட்டவர். சரி, யார் என்ற கேள்வி இங்கே எழவே எழாது என்றுதான் தோன்றும்.

2014 மே மாதம் எழுந்தது. வியட்நாமும் உரிமை கோரும் பாராசெல் தீவுகளுக்குப் பக்கத்தில் சீனா ஓர் எண்ணெய்த் துளைமேடையைக் கொண்டுவந்து நிறுத்த, வியட்நாம் கொதித்தது. பின் தூவாங் மாகாணத்தின் தொழிற்பேட்டைகளில் கூட்டம் புகுந்தது. வாசலில் சீன எழுத்துப் பலகை இருந்தால் போதும், அடித்து நொறுக்கினார்கள், தீ வைத்தார்கள். தைவான் நிறுவனங்கள்தான் அங்கே ஏராளம், அதனால் அடியும் அவர்களுக்கே அதிகம். சில நாட்களில் தொழிற்சாலை வாசல்களில் வியட்நாமிய மொழியில் துணிப் பதாகைகள் தொங்கின: நாங்கள் தைவான்காரர்கள். தைவான் அரசு வியட்நாமியத்திலும் ஆங்கிலத்திலும் அதே வாசகத்தோடு ஒட்டிகள் அச்சிட்டுக் கொடுத்தது.

அதுவரை எந்த அடையாள விவாதத்திலும் கலந்துகொள்ளாத ஒரு செருப்புத் தொழிற்சாலை மேலாளர், அந்த வாரம் தன் காரின் கண்ணாடியில் தன் நாட்டின் பெயரை ஒட்டிக்கொண்டு ஓட்டினார். தைவானா, சீனாவா என்பது அவருக்கு அன்றைக்குக் கொள்கை அல்ல, காப்பீடு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாராசெல் தீவுகள் தனக்கே சொந்தம் என்று தைவான் அரசும் தாளில் உரிமை கோருகிறது. 1949-க்கு முன்பு வரைந்த வரைபடத்தின் சொத்து அது. கூட்டத்தில் யாரும் அந்த அளவுக்குச் சரித்திரம் கேட்காதது நல்லதாயிற்று.

சிங்கப்பூரின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே யாரும் கல்லெறிவதில்லை; படிவத்தை நீட்டுகிறார்கள். நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த படிவம்தான்: சீனர், மலாய், இந்தியர், மற்றவர். இந்தியர் என்ற கட்டத்துக்குள் தமிழரும் சிந்தியும் வங்காளியும் அடங்கிப்போவதைப் போல, சீனர் என்ற கட்டத்துக்குள் தைவான்காரர் போய் உட்கார வேண்டும். தைபேயில் ‘நீ சீனனா?’ என்று கேட்டால் அது அரசியல் கேள்வி. சிங்கப்பூரில் அது இனத்தைப் பற்றிய கேள்வி. அரசியலே இல்லை என்று அந்த நாடு நினைத்துக்கொள்கிற கேள்வி. முதல் வருடம் கை தயங்கும், மூன்றாம் வருடம் யோசிக்காமல் டிக் அடிக்கும் என்பதுதான் வழக்கம். சீனர் வேறு, சீனா வேறு என்று பிரித்து வைத்துக்கொள்ள முடியும் என்பதை அந்த ஊர் கற்றுக்கொடுக்கிறது. தைபேயில் இருந்துகொண்டு அதை அவ்வளவு சுலபமாகக் கற்க முடியாது.

ஆனால் மக்கள்தொகையில் முக்கால்வாசி சீன வம்சாவளியாக இருக்கிற அந்த ஊருக்குள்ளேயே, அண்மையில் சீனாவிலிருந்து வந்தவர்கள்மேல் ஒரு முணுமுணுப்பு உண்டு. வாய் திறந்து மாண்டரின் பேசினால் தைவான்காரரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ‘இல்லை, நான் தைவான்’ என்று டாக்சி ஓட்டுநரிடம் சொன்னதும் பேச்சின் வெப்பநிலை மாறும். இரவுச் சந்தையைப் பற்றி, பழைய தைவான் பாட்டுகளைப் பற்றி அவர் கேட்க ஆரம்பிப்பார். அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு, அதை அடிக்கடி சொல்லத் தோன்றுவது இயற்கை.

இன்னொன்றும் அங்கே நடக்கிறது. உணவங்காடியில் மீன் பந்து நூடுல்ஸ் விற்கும் முதியவர் ஹொக்கியன் பேசுகிறார். தைபேயில் பாட்டி பேசிய மொழி, கொஞ்சம் வேறு ராகத்தில். சிங்கப்பூர் 1979-இல் ‘மாண்டரின் பேசுங்கள்’ இயக்கத்தைத் தொடங்கி, ஹொக்கியன் போன்றவற்றை வானொலி, தொலைக்காட்சியிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றியது. தைவானில் அதே மொழியைக் கோமிந்தாங் ஒடுக்கியது. இரண்டு அரசுகளும் தனித்தனிக் காரணத்துக்காக ஒரே காரியத்தைச் செய்தன. பிறகு தைவான் திரும்பி நடந்தது. ஹொக்கியன், ஹக்கா, பழங்குடி மொழிகள் எல்லாவற்றையும் தேசிய மொழிகளாக ஏற்கும் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அரைகுறை ஹொக்கியனோடு சிங்கப்பூர் போன இளம் மென்பொருள் பொறியாளர், தன் வயதுச் சிங்கப்பூர்க்காரருக்கு அதுகூடத் தெரியவில்லை என்று பார்க்கும்போது, தன் வீட்டு மொழிக்கு ஒரு மதிப்பு இருப்பதாக முதல்முறை உணர்கிறார். ஷாங்காயில் அவருக்கு அரசியல் புத்தி வந்திருக்கும். சிங்கப்பூரில் வருவது பாட்டியின் நினைவு.

அமெரிக்கா பழைய கதை, ஆனாலும் எல்லாவற்றுக்கும் முந்தியது என்பதால் சொல்லியாக வேண்டும். ‘வா வா, தைவான் பல்கலைக்கழகத்துக்கு வா, போ போ, அமெரிக்காவுக்குப் போ’ என்று ஒரு சொலவடையே இருந்தது. 1965-இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் திறந்த கதவு வழியாகப் பொறியாளர்கள் போனார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து மான்டரே பார்க் இன்னொரு ‘குட்டித் தைபே’ ஆயிற்று. சிலிக்கான் பள்ளத்தாக்கில் கூப்பர்டினோ சுற்றுவட்டாரம் நிரம்பியது. தைவானுக்குள் வாய் திறந்தால் சிறை என்றிருந்த காலத்தில், தைவான் தனி நாடு என்று உரக்கச் சொல்ல அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்கள்தான் இடம் கொடுத்தன. வளாகத்துக்குள்ளேயே கோமிந்தாங்குக்கு உளவு சொல்லும் மாணவர்களும் இருந்தார்கள். கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியவர்கள் பெற்றோரின் இறுதிச் சடங்குக்குக்கூட ஊர் திரும்ப முடியவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர் சென் வென்-செங் 1981-இல் தைபே போனபோது, ரகசியப் போலீஸ் விசாரணைக்குக் கூட்டிப்போன மறுநாள் பிணமாகக் கிடந்தார். அந்தத் தலைமுறைக்கு அமெரிக்க நகரம் கொடுத்தது சம்பளம் மட்டுமல்ல, தைவானில் சொல்ல முடியாததைச் சொல்லிப் பார்க்க ஒரு முற்றம். இன்றும் பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் அமெரிக்கக் கணக்கெடுப்பில், சீனர் என்ற கட்டத்தை விட்டுவிட்டு, ‘பிற ஆசியர்’ பக்கத்தில் ‘தைவானியர்’ என்று கையால் எழுதச் சொல்லி அங்குள்ள தைவான் சங்கங்கள் பிரசாரம் செய்கின்றன.

ஜப்பானில் படிவமே மாறியது. 2012 ஜூலை வரை தைவான்காரரின் பதிவு அட்டையில் நாடு ‘சீனா’ என்றே இருந்தது. புதிய குடியிருப்பு அட்டை வந்தபோது தலைப்பு ‘நாடு அல்லது பகுதி’ ஆயிற்று, அதற்கு நேரே ‘தைவான்’ என்று அச்சாயிற்று. 2025 மே மாதம் முதல், ஜப்பானியரை மணந்தவர்கள் குடும்பப் பதிவேட்டிலும் ‘தைவான்’ என்று எழுதிக்கொள்ளலாம். காகிதம் சண்டை போடாத ஊரில் அடையாளமும் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளும். குமாமோட்டோ பக்கத்தில் கிகுயோ என்ற சின்ன ஊரில் தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சியின் சிப் தொழிற்சாலை 2024 பிப்ரவரியில் திறந்தது. தைவானிலிருந்து சுமார் 400 பேர் குடும்பத்தோடு போனார்கள். நிலத்தின் விலையும் வாடகையும் ஏறியதும், நிலத்தடி நீர் என்னாகும் என்ற கவலையும்தான் அங்கே பேச்சு. தைவான்காரர் என்றால் அந்த ஊரில் இப்போது சிப் செய்கிறவர் என்று பொருள். அந்தப் பொருள் அவர்களுக்குச் சங்கடம் தரவில்லை, ஷாங்காயின் ‘பாஸ்’ மாதிரி கழன்று விழவும் இன்னும் நேரம் ஆகவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு சின்ன அத்தியாயம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான், செய்யாறு பக்கம் செருப்புத் தொழிற்சாலை என்று தைவான் மேலாளர்கள் வந்துபோகிறார்கள். இந்தியாவோடு தூதரக உறவு கிடையாது என்பதால் சென்னையில் 2012 முதல் இயங்கும் அலுவலகத்தின் பெயர் ‘தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்’. ‘தைவான்’ என்ற சொல்லே அந்தப் பெயரில் இல்லை. தெருவில் அவர்களைச் சைனாக்காரர் என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுவோம். ஆனால் 2020-இல் எல்லை மோதலுக்குப் பிறகு சீனக் கடவுச்சீட்டுக்கு விசா கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட, ஒரே தொழிற்சாலை வரிசையில் நின்ற இருவரில் யார் தங்கலாம், யார் கிளம்ப வேண்டும் என்பதைக் கடவுச்சீட்டின் அட்டை முடிவு செய்தது. 2025 ஜூலையில் ஃபாக்ஸ்கானின் இந்தியத் தொழிற்சாலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான சீனப் பொறியாளர்களைத் திருப்பி அழைத்ததாகச் செய்தி வந்தபோது, தைவான்காரர்கள் தங்கினார்கள் என்றும் அதே செய்தி சொன்னது.

சீனாவிலோ காற்று திசை மாறிவிட்டது. கொரோனா வந்த 2020-இல் வெளியூரில் வேலை பார்க்கும் தைவான்காரர்களின் எண்ணிக்கை சுமார் ஐந்து லட்சத்துக்கு இறங்கியது, அதில் சீனாவின் பங்கு பாதிக்குக் கீழே போனது. முதலீட்டில் 83.8 சதவீதமாக இருந்த சீனாவின் பங்கு 2023-இல் 11.4 சதவீதம். 2024 ஜூனில் ‘தைவான் பிரிவினைவாதிகளை’ மரண தண்டனை வரை தண்டிக்கலாம் என்ற வழிகாட்டு விதிகளைப் பெய்ஜிங் வெளியிட, தைபே உடனே பயண எச்சரிக்கையை உயர்த்தியது. அரசியல் பேசாதே என்ற பழைய விதி, முன்பு நாகரிகமாக இருந்தது, இப்போது எச்சரிக்கையாகிவிட்டது.

திரும்பி வந்தவர்களுக்குத் தைபேயில் இன்னொரு கவுன்ட்டர் காத்திருக்கிறது. காணொளிக்குத் தைவானில் ‘யிங்பியன்’, சீனாவில் ‘ஷிப்பின்’. ‘தரம்’ என்பதற்குத் தைவானில் ‘பின்ஜி’, சீனாவில் ‘ஜிலியாங்’. பன்னிரண்டு வருடம் குன்ஷானில் இருந்துவிட்டு வந்தவர் வாயில் எது முதலில் வரும் என்று அவருக்கே தெரியாது. இணையத்தில் இப்படிச் சீனச் சொற்களைக் கண்டுபிடித்துத் திருத்துகிறவர்களுக்குச் ‘சீனச் சொல் போலீஸ்’ என்று பட்டப்பெயரே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பட்டப்பெயர் தேவையில்லை. ஷாங்காயில் பிறந்து வளர்ந்த பெண் முதல் நாள் வகுப்பில் ‘ஒரு ஷிப்பின் பார்க்கலாமா?’ என்று கேட்டால், பக்கத்து பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்துக் கேட்பார்கள்: நீ எந்த ஊர்?